மூடியை இப்படியா இறுக்குவது?

சிங்கப்பூர் துவாஸில் எங்கள் மருந்துப் பரிசோதனை ஆய்வகத்தில் ராத்திரி முழுக்க ஓட வேண்டிய ஆட்டோசாம்ப்ளர் (குப்பிகளிலிருந்து ஊசியால் மாதிரியைத் தானாகவே உறிஞ்சி எடுக்கும் கருவி) மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது. காலையில் வந்து பார்த்தால் 60 குப்பிகளில் 19தான் முடிந்திருக்கிறது, ஊசி வளைந்து கிடக்கிறது. மூடியால் வந்த வினை! 2 மில்லி குப்பியின் மூடியைப் பலம் கொண்ட மட்டும் திருகினால் செப்டம், அதாவது மூடியின் நடுவில் ஊசி துளைத்து இறங்கும் மெல்லிய தகடு, உள்ளே குழிந்துவிடும், ஊசி நேராக இறங்காது. கழுத்து வரை நிரப்புவது அதைவிட மோசம். ஊசி உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, 10 மைக்ரோலிட்டர் வரவேண்டிய இடத்தில் குறைவாக வரும். வரைபடத்தில் மருந்தின் அளவைக் காட்டும் பீக் (முகடு) சிறுத்துப்போகும், மருந்திலேயே குறை என்று நினைத்துவிடுவோம். எத்தனை தடவை சொல்வது! இன்று சாயங்காலம் அக்கா மகனின் பிறந்தநாள், தேக்காவில் சாப்பாடு. நான் இங்கே ஊசி மாற்றிக்கொண்டிருக்கிறேன். சரி, இனியாவது விரல் நுனியால் திருகி, செப்டம் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள், ப்ளீஸ்.