எந்தக் குளோன் என்று சொல்லுங்கள்

நோயாளியின் தோலில் ஒரு துணுக்கு எடுத்து ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து நரம்பு செல் வளர்த்தால் அவருடைய நோய் அப்படியே தட்டில் வந்துவிடும் என்று கட்டுரை சொல்வதுதான் இடிக்கிறது. கோளாறு உட்கரு மரபணுவில் என்றால் ஓரளவு சரி. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கோ சொந்த டிஎன்ஏ உண்டு. ஒரே செல்லுக்குள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள், நல்லதும் கெட்டதும் கலந்தே கிடக்கும். மெலாஸ் என்ற மைட்டோகாண்ட்ரியா நோயில் அந்த டிஎன்ஏவின் 3243ஆம் இடத்தில் வரும் பிழையையே பாருங்கள்: ஒரே ஆளிடமிருந்து வந்த குளோன்களில், அதாவது தனித்தனி ஒற்றைச் செல்லிலிருந்து பெருகிய கூட்டங்களில், ஒன்றில் பிழை மண்டிக் கிடக்கும், இன்னொன்றில் அறவே இருக்காது. அதனால் எந்தக் குளோன், அதில் பிழையுள்ள பிரதிகள் எத்தனை சதவீதம் என்று சொல்லாத முடிவை நான் நம்புவதில்லை. மேலே ஒருவர் 'ஒப்பிட ஆரோக்கியமானவரின் செல் வேண்டாமா' என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிழையில்லாத குளோனே போதும், உட்கரு மரபணுக்கள் எல்லாம் அதே ஆளுடையவைதானே. அப்புறம் தீனி விஷயம். செல் வளர்ப்பதுதான் என் பிழைப்பு. செல்லுக்குத் தீனியான மீடியம் என்ற திரவத்தில் குளுக்கோஸைக் கொட்டி வைத்தால் நோயுள்ள செல்லும் மைட்டோகாண்ட்ரியாவை நம்பாமல் காலம் தள்ளிவிடும். லாக்டிக் அமிலம் சேர்ந்து சிவப்பு மீடியம் சீக்கிரமே மஞ்சளாவதுதான் தெரியும். காலக்டோஸ் என்ற வேறு சர்க்கரைக்கு மாற்றினால் மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே ஆக வேண்டும், அப்போதுதான் குறை வெளிப்படும். இந்த முறையே வீண் என்று சொல்ல வரவில்லை. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் லீ நோய்க்குக் காரணமான, எம்டி-ஏடிபி6 என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் பிழை உள்ளவர்களின் நரம்பு முன்னோடி செல்களில் மருந்துகளைச் சோதித்து, அவனாஃபில் என்ற மருந்து செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கோளாறைக் குறைப்பதை 2017இல் காட்டினார்கள். ஆனால் தட்டில் வளரும் அந்த நரம்பு செல்கள் கருவிலிருக்கும் சிசுவின் செல்களை ஒத்தவை. பிறந்து பல ஆண்டுகள் கழித்துப் பக்கவாதம் போல வரும் மெலாஸ் தாக்குதலை அவற்றில் தேடினால் கிடைக்காது.