போன வருஷம் ஜெயித்த ப்ராஜெக்ட் எங்கே சார்?

போன வருஷ ஹேக்கத்தானில், அதாவது இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாக ஒரு சாஃப்ட்வேர் செய்துகாட்டும் ஆபீஸ் போட்டியில், பரிசு வாங்கிய ப்ராஜெக்ட் இப்போது என்ன ஆனது என்று உங்கள் ஆபீஸில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஹெச்.ஆர். உங்கள் மேனேஜரைக் கேட்கச் சொல்லும். மேனேஜர், "அதெல்லாம் இன்னோவேஷன் டீம் பாக்கறதுப்பா" என்பார். சரி, அந்த இன்னோவேஷன் டீம் யார் என்று தேடிக்கொண்டு போனால் மறுபடியும் ஹெச்.ஆர். வாசலில்தான் வந்து நிற்போம்.

இந்த வருஷ மெயில் வந்துவிட்டது. ராக்கெட் படம், பல்பு படம், பீட்சா உண்டு, டி-ஷர்ட் உண்டு. கலந்துகொள்வது அவரவர் விருப்பம் என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே, ஒவ்வொரு டீமிலிருந்தும் குறைந்தது இரண்டு பேர் பெயர் வர வேண்டும் என்று இன்னொரு வரி. நடப்பது சனி, ஞாயிறு. காம்ப்-ஆஃப், அதாவது அதற்குப் பதில் லீவு, உண்டா என்று 'ரிப்ளை ஆல்' போட்டுக் கேட்ட புதுப் பையனுக்கு இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. பாவம், அவனுக்கு இதுதான் முதல் கம்பெனி.

வார இறுதி போவதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். நல்ல டீம் கிடைத்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ப்ரோகிராம் எழுதுவதில் ஒரு போதை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. எனக்கு வயிறு எரிவது ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நடப்பதைப் பார்த்துத்தான்.

எங்கள் ஆபீஸ் சென்னை ஓ.எம்.ஆரில். லேட் ஷிப்டுக்குக் கேப் உண்டு. யாரை எந்த வண்டியில் ஏற்றுவது என்பதை டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் எக்செல்லில் போடுகிறார்கள், பின்கோடு வரிசையில். துரைப்பாக்கம் 600097, பள்ளிக்கரணை 600100. எண்ணில் மூன்றுதான் வித்தியாசம், ஆகவே ஒரே கேப். நடுவில் ஒரு சதுப்புநிலம் கிடக்கிறதே! 2022இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறி உலகத்துக்கே தெரிந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், எங்கள் எக்செல்லுக்கு மட்டும் தெரியாது. துரைப்பாக்கத்தில் ஒருத்தரை இறக்கிவிட்டு, 200 அடி ரேடியல் ரோட்டைப் பிடித்து அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் பெருங்குடிக்காரருக்காகத் திரும்பி வரும் வண்டியில் நள்ளிரவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி புரியும்.

போன வருஷம் டெஸ்டிங் டீமிலிருந்து ஒரு பையனும் சப்போர்ட்டிலிருந்து ஒரு பெண்ணும் சேர்ந்து இதை எடுத்தார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்திலிருந்து ரோடுகளை எடுத்து, ரூட் கணக்குப் போட கூகுள் இலவசமாக வெளியிட்டிருக்கும் ஓ.ஆர்.-டூல்ஸை வைத்து வண்டிகளைப் பிரித்தார்கள். கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இருந்தால் வண்டியில் செக்யூரிட்டி கூடப் போக வேண்டும் என்று எங்கள் ஆபீஸில் விதி. அதையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். முந்தின ராத்திரி ரோஸ்டரையே எடுத்து டெமோவில் ஓட்டினார்கள். பழைய ரூட் சிவப்பில், புது ரூட் நீலத்தில். சிவப்புக் கோடு சதுப்புநிலத்தைச் சுற்றி இரண்டு தடவை போய் வந்திருந்ததைப் பார்த்து ஹாலே சிரித்தது. பின்னால் நின்றுகொண்டிருந்த டிரான்ஸ்போர்ட் டெஸ்க் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, இத நாளைக்கே குடுங்க" என்றார்.

அதைவிடப் பெரிய சான்றிதழ் உண்டா? தினமும் அந்த வேலையைச் செய்கிற மனுஷன் கேட்கிறார்!

ஜூரி என்ன கேட்டது தெரியுமா? "இதுல ஏ.ஐ. எங்க இருக்கு?" அடுத்த கேள்வி, "இதை கிளையண்டுக்கு விக்க முடியுமா?" ஆறுதல் பரிசு கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

முதல் பரிசு லீவு பாலிசி சாட்பாட்டுக்கு. அதற்கு நேரடி டெமோகூட இல்லை, 'நெட்வொர்க் பிரச்சினை' என்று ரெக்கார்ட் செய்த வீடியோவை ஓட்டினார்கள். அந்த வீடியோவிலேயே, எனக்கு எத்தனை நாள் லீவு மீதி என்று கேட்டதற்கு, 'தயவுசெய்து உங்கள் ஹெச்.ஆரைத் தொடர்புகொள்ளவும்' என்று வந்தது. ஆனால் பி.பி.டி. பிரமாதம். எத்தனை கோடி மிச்சமாகும் என்று ஒரு ஸ்லைடு, அதில் மேலே ஏறும் அம்புக்குறி. வேறென்ன வேண்டும்?

தேர் நிலைக்கு வந்ததும் பந்தலைப் பிரிப்பதுபோல ஞாயிறு ராத்திரியே எல்லாம் முடிந்துவிட்டது. அட்டை செக்கைத் தூக்கிப் பிடித்த போட்டோ லிங்க்ட்இன்னில் ஏறிவிட்டது. அந்த இரண்டு பேரும் மட்டும் விடாமல் அலைந்தார்கள். ஒரு சின்ன சர்வர் கேட்டார்கள். செலவை எந்தக் கணக்கில் எழுதுவது, காஸ்ட் சென்டர் நம்பர் என்ன என்று பதில் வந்தது. ஹேக்கத்தானுக்கு ஏது காஸ்ட் சென்டர்? டேட்டா செக்யூரிட்டி டீம், ஊழியர்களின் வீட்டு முகவரி எங்கே சேமிக்கப்படுகிறது என்று கேட்டது. நியாயமான கேள்விதான், முகவரி விளையாட்டுச் சாமான் இல்லை. ஆனால் அதற்கு ஒழுங்காகப் பதில் தயாரிக்க அவர்களுக்கு நாலு நாள் நேரம் கொடுக்க வேண்டாமா? டைம்ஷீட்டில் அந்த நேரத்தைப் போட ஒரு கோடு நம்பர் கிடையாது. மேனேஜர் சொன்னது ஒரே வார்த்தை: "டெலிவரி பாதிக்காம பாத்துக்கோங்க." அதாவது, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து செய்.

பையன் சில மாதத்தில் பேப்பர் போட்டு வேலையை விட்டுவிட்டான். அவன் ஐ.டி.யை மூடியதோடு ப்ரோகிராமைச் சேமித்து வைத்திருந்த ரெப்போவும் யாரும் திறக்காத இடமாகிவிட்டது. போகும்போது எடுத்துக்கொண்டு போய் வெளியே யாரும் எடுத்துக்கொள்ளும்படி ஓப்பன் சோர்ஸாகப் போடலாமா என்றால், அதுவும் முடியாது. வேலையின் பகுதியாகச் செய்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம் என்கிறது 1957ஆம் வருஷப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆவது பிரிவு. அது போதாதென்று ஆஃபர் லெட்டரிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தானும் பயன்படுத்த மாட்டார்கள், செய்தவனையும் தொட விட மாட்டார்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு ஒவ்வொரு டவுன்ஹால் மீட்டிங்கிலும் அதே ஸ்லைடைப் போடுகிறார்கள்: 'ஃபேஸ்புக் லைக் பட்டன் ஹேக்கத்தானில் பிறந்தது!' பிறந்தது சரி, எப்போது வெளியே வந்தது? 2007இல் காட்டியது வெறும் மாதிரிதான், ஜனங்கள் கைக்கு வந்தது 2009 பிப்ரவரியில். நடுவில் அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் சனி ஞாயிறில் வந்து சுமக்கவில்லை. மைக்ரோசாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஹேக்கத்தானில், ஏ.எல்.எஸ். நோயால் உடல் அசைவை இழந்த முன்னாள் அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஸ்டீவ் கிளீசனுக்காகக் கண்ணசைவில் ஓடும் சக்கர நாற்காலியைச் செய்தார்கள். அப்புறம் அதற்கென்று ஆராய்ச்சிக் குழுவே போட்டார்கள், 2017இல் கண்ணால் இயக்கும் வசதி விண்டோஸ் 10க்குள் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரும் 2015 ஹேக்கத்தானில் முளைத்ததுதான், கடைக்கு வந்தது 2018இல். மூன்று வருஷம் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, பிளாஸ்டிக் அச்சு வார்த்து, உண்மையில் விளையாடப் போகிறவர்களை உட்காரவைத்துக் கேட்டு, திருத்தி, மறுபடி திருத்திச் செய்த சாமான் அது. அந்த மூன்று வருஷத்தை ஸ்லைடில் போட மாட்டார்கள். போட்டால் பட்ஜெட் கேட்பார்களே.

எல்லா ப்ராஜெக்டும் ப்ராடக்ஷனுக்குப் போய் நிஜமாக ஓட வேண்டும் என்று சொல்ல நான் ஒன்றும் பைத்தியக்காரன் இல்லை. பாதிக்கு மேல் குப்பைதான், செய்தவர்களுக்கே அது தெரியும். கேன்டீன் சாம்பாரின் உப்பை கேமரா வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு டீம் வந்தது, வாழ்க. ஆனால் தேறியது என்று நீங்களே மேடையேற்றிப் பரிசு கொடுத்த ஒன்றுக்கு, ஒரே ஒரு ஆள், இரண்டு ஸ்பிரிண்ட் (சில வார வேலை), ஒரு காஸ்ட் சென்டர் நம்பர். இதைக் கொடுக்கக்கூட மனசில்லாத இடத்தில் எதற்கு இந்த ராக்கெட் படம்?

டிரான்ஸ்போர்ட் அண்ணன் போன வாரம்கூட லிஃப்டில் பிடித்துக்கொண்டு, "அந்தத் தம்பி செஞ்சது எப்ப வரும்?" என்றார். நான் என்ன சொல்வது?

ஹெச்.ஆரில் இதை யாராவது படித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வருஷப் போஸ்டரில் பரிசுத் தொகைக்குப் பக்கத்தில், ஜெயிக்கிற ப்ராஜெக்டைத் திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொள்ளப் போகிற மேனேஜரின் பெயரையும் போடுங்கள். போட்டால் எங்கள் டீமிலிருந்து நானே முதலில் பெயர் கொடுக்கிறேன். இல்லையென்றால் சனிக்கிழமை எனக்கு கேஸ் புக் பண்ண வேண்டும், துணி துவைக்க வேண்டும், நிறைய வேலை இருக்கிறது.