மஞ்சளும் புளியும் கடல் நஞ்சை முறிக்காது

'கடல் நிறம் மாறினாலும் பயமில்லை. மட்டியை மஞ்சள், புளி போட்டுக் கொதிக்கவைத்தால் நஞ்சு போய்விடும்' என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

கடலின் நிறத்தை மாற்றும் நுண்பாசிகளில் சில உண்டாக்கும் சாக்ஸிடாக்ஸின் என்ற நஞ்சு கொதிநீருக்கு அழியாது, ஃப்ரீசரிலும் போகாது. சுவையிலோ வாடையிலோ தெரியவும் செய்யாது. மட்டி, சிப்பி போன்றவை நீரை வடிகட்டி உண்பதால் அது அவற்றின் உடலில் சேர்கிறது. 1981-இல் தமிழகத்தில் இப்படி மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்தார்கள்.

சரி, கடல் பச்சையானால் எல்லாமே விஷமா? இல்லை. 2019-இல் பாம்பன் பக்கம் கடலைப் பச்சையாக்கிய நாக்டிலூகா என்ற நுண்ணுயிர், முக்கியமாக ஆக்சிஜனைக் குறைத்தே மீன்களைக் கொன்றது.

மட்டி சாப்பிட்டதும் உதடு மரத்துப்போனால் கைவைத்தியம் பார்க்காதீர்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுக்கு உதவும் கருவி மருத்துவமனையில்தான் இருக்கிறது.