பெரியம்மா போட்ட கையெழுத்து

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். இலுப்பூர் பக்கம். போய் உட்கார்ந்து தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, பெரியம்மா ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "இதுல என்னடி எழுதியிருக்கு, பாத்துச் சொல்லு" என்றார். மூன்றாக மடித்த அட்டை, மடிப்பெல்லாம் கிழிந்து உள்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. குழுக் கடன் அட்டை. 40,000 ரூபாய் கடன், கையில் வந்தது 38 ஆயிரத்துச் சொச்சம். மீதி எங்கே போனது என்று கேட்டதற்கு "அது கம்பெனி பிடித்தம்மா" என்று சொல்லிவிட்டார்களாம். அதோடு பெரியம்மாவும் விட்டுவிட்டார்.

நான் படித்துப் பார்த்தேன். பொடி எழுத்துதான், ஆனால் நல்ல தமிழில் தெளிவாகவே இருந்தது. செயலாக்கக் கட்டணம் இவ்வளவு, காப்பீடு இவ்வளவு. காப்பீடு பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் சேர்த்து. இருவரில் ஒருவர் இறந்தால் மீதிக் கடனைக் காப்பீட்டிலிருந்து கழித்துக்கொள்வார்கள் என்று கீழே ஒரு வரி.

கடன் வாங்கியது கார்த்திகையில். பெரியப்பா தவறியது தை மாதம். நான் அட்டையைப் பார்த்தது ஆவணியில். நடுவில் ஏழு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நூறு நாள் வேலைக் காசிலிருந்தும் ஆடு விற்ற காசிலிருந்தும் பெரியம்மா தவணை கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கட்ட வேண்டாம் என்று சொல்கிற வரி அவர் வீட்டு அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. தவணை வாங்க வருகிற பையனுக்குப் பெரியப்பா இறந்தது தெரியும், துக்கத்துக்குக் கூட வந்து போனானாம். அவனுக்கு அந்த வரி தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, மனு கொடுத்திருக்கிறோம், பார்க்கலாம்.

இதைப் படிக்கிற பலருக்கும் உடனே தோன்றுவது "ஐயோ பாவம், படிக்காத பொம்பளை" என்பதுதான். ஆனால் கணக்கெடுக்க வருகிறவர்கள் கேட்டால் பெரியம்மா வீட்டில் என்ன சொல்வார்கள் தெரியுமா? "கையெழுத்துப் போடுவாங்க" என்பார்கள். அவர் கைநாட்டு இல்லை. பல வருடத்துக்கு முன்பு மகளிர் குழு ஆரம்பித்து வங்கியில் கணக்குத் திறந்தபோது, ரேகை வைத்தால் வேலை இழுக்கும் என்று யாரோ இரண்டு நாள் உட்கார்ந்து அவருக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐந்து எழுத்து. கோலம் போடுகிற மாதிரி இழுத்து அழகாகப் போடுவார். அன்றைக்கு அந்த ஐந்தில் மூன்றாவது எழுத்தை மட்டும் தனியாக எழுதிக் காட்டி இது என்ன எழுத்து பெரியம்மா என்று கேட்டேன். தெரியவில்லை. சேர்த்து எழுதினால்தான் அது அவர் பெயர், பிரித்தால் வெறும் கோடு.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கையெழுத்தை எழுத்தறிவு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். கைநாட்டு வைக்கிறவரிடம் நாலு பேர் முன்னால் காகிதத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்கிற கூச்சமாவது எதிரில் இருப்பவருக்கு இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால் போச்சு, படித்துப் பார்த்துத்தான் போட்டாய் என்று ஆகிவிடுகிறது. படிக்கத் தெரியாதவர் கையில் பேனாவை மட்டும் கொடுத்துப் பொறுப்பை மொத்தமாக அவர் தலையில் கட்டுகிறோம். நுண்கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டுவந்த விதியே இருக்கிறது. பெரியம்மா அட்டை தமிழில்தான் இருந்தது. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சரி, இப்போது அம்மா கதைக்கு வருகிறேன். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள், இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை, இருவருக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். ஆனால் அம்மா படிப்பார். அந்த அட்டை அம்மா கையில் கிடைத்திருந்தால் எழுத்துக் கூட்டியாவது அந்த வரியைக் கண்டுபிடித்திருப்பார். அவர் எங்களோடு திருச்சியில் இருப்பதால் கிடைக்காமல் போனது.

காரணம் அறிவொளி இயக்கம், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்த இயக்கம். 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அது வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களும் ஊரில் இருந்த வாத்தியார்களும் படித்த பிள்ளைகளும் சேர்ந்து நடத்தினார்கள். எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்த ஒரு அக்காதான் தொண்டர். ராத்திரி ஏழரை மணிக்கு மேல், வீட்டு வேலை எல்லாம் முடிந்து, பிள்ளையார் கோவில் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். நடவு நட்டுவிட்டு வந்த கை. அம்மா பென்சிலை அரிவாள் பிடிப்பது மாதிரிப் பிடிப்பார், அழுத்துகிற அழுத்தில் முனை ஒடிந்துகொண்டே இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து சீவிச் சீவிக் கொடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பாடப் புத்தகம் எங்கள் புத்தகம் மாதிரி அணில், ஆடு என்று ஆரம்பிக்காது. அம்மா முதன்முதலில் படித்த சொற்களில் "பட்டா" இருந்தது, "படி" இருந்தது. முப்பது வயதுப் பெண்ணுக்கு அணில் எதற்கு? அவருக்குப் பட்டாதான் வேண்டும். யார் பெயரில் இருக்கிறது, எத்தனை சென்ட். இதை யோசித்தவர்களுக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன். எழுத்தை மட்டும் சொல்லித் தரவில்லை, அதை எங்கே போய்ப் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லித் தந்தார்கள்.

சைக்கிளும் அதோடுதான் வந்தது. பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதை அறிவொளியின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள், லேடீஸ் சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போய் ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிளையே வாங்கினார்கள், பாரில் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. கல்குவாரியில் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகளையே குத்தகைக்குக் கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். குத்தகைக்கு எடுத்த பிறகு கணக்கு எழுத வேண்டும், வண்டி லோடு எண்ண வேண்டும், அப்போது படிப்பு தானாகத் தேவைப்பட்டது. இதை எல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் சைக்கிளுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பஸ் போர்டு படிக்கத் தெரிந்த வருடமும் தனியாக இலுப்பூர் சந்தைக்குப் போய்வந்த வருடமும் அவருக்கு ஒரே வருடம்தான்.

அம்மா அப்புறம் என்ன படித்தார், கதையா கவிதையா என்று என் மகள் கேட்டாள். இல்லை. ரேஷன் கார்டு படித்தார். மளிகைக் கடைப் பற்றுச்சீட்டு படித்தார். தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு அளந்து கலக்கினார், அதற்கு முன்னால் ஒரு சொம்பில் குத்துமதிப்பாகக் கொட்டுவார். ஜான் கால்டுவெல் என்று ஒரு ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர் (திராவிட மொழிகளைப் பற்றி எழுதிய கால்டுவெல் இல்லை, இவர் வேறு) 1979ல் நைஜீரியா விவரங்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். குழந்தை பிழைப்பதற்கும் தாயின் படிப்புக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, குடும்பத்தின் வசதியை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது என்றார். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பொட்டலம்தான் ஞாபகம் வந்தது. அவர் இன்னொன்றும் சொல்கிறார், படித்த தாய் வீட்டில் வாய் திறந்து பேசுவாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க மாட்டாள் என்று. அதையும் நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

வாய் திறப்பது என்றதும் நெல்லூர் நினைவுக்கு வருகிறது. ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்திலும் அதே சமயம் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அங்கே பாடப் புத்தகத்தில் சீதம்மா என்று ஒரு பெண்ணின் கதை. அவள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து சாராயக் கடையை மூடவைக்கிற கதை. துபகுண்டா கிராமத்தில் ரோசம்மாவும் மற்ற பெண்களும் அதைப் படித்துவிட்டு, பாடத்தில் செய்கிறார்கள், நாம் ஏன் செய்யக்கூடாது என்று கிளம்பினார்கள். ஊர்ச் சாராயக் கடை மூடியது. அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று மாவட்டம் முழுக்கப் பரவி, சாராய ஏலத்தையே நடத்தவிடாமல் செய்து, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்துக்குத் தடை போடுகிற அளவுக்குப் போனது. பிறகு அந்த மாநிலத்தில் மதுவிலக்கு வந்ததும் போனதும் வேறு கதை. ராத்திரிப் பள்ளியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு அரசாங்கத்தை அசைத்தார்கள், அதுவும் ஒரு பக்கப் பாடத்தில் ஆரம்பித்து.

அப்படியானால் பெரியம்மா ஏன் படிக்கவில்லை? அவரும் திண்ணைக்கு வந்தார், நாலு நாள். கடைக்குட்டி அப்போது கைக்குழந்தை, பெரியப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு வேண்டும், ஐந்தாம் நாள் நின்றுவிட்டார். யாரும் வந்து கூப்பிடவில்லை என்று இப்போதும் சொல்கிறார். அந்த அக்கா ஒருத்தி எத்தனை வீட்டுக்குப் போவாள்?

1992ல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. பெருமையான விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கில் எடுத்தது குறிப்பிட்ட வயதுக்காரர்களைத்தான், நின்றுபோனவர்களும் இருந்தார்கள், கற்றவர்களிலும் நிறையப் பேர் அடுத்த சில வருடத்தில் மறந்துபோனார்கள். படித்தது மறக்காமல் இருக்கப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் கையில் காகிதம் வர வேண்டும், எங்கள் ஊரில் திண்ணை விளக்கு இரண்டே வருடத்தில் அணைந்துவிட்டது. இருபது வருடம் கழித்து 2011 மக்கள்தொகைக் கணக்கில் அதே மாவட்டத்துப் பெண்களில் பத்துக்கு ஏழு பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும் என்று வந்தது. நாடு முழுவதும் பார்த்தால் அந்தக் கணக்கில் பெண்கள் 65 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், ஆண்கள் 82. உலகத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்.

இதற்கு நான் அடிக்கடி கேட்கிற பதில், "அடுத்த தலைமுறைதான் படிக்கிறதே, அது போதாதா" என்பது. பெரியம்மாவின் பேத்தி நர்சிங் படிக்கிறாள், கோயம்புத்தூரில். அட்டை இலுப்பூரில் இருக்கிறது. இன்னொரு பதில், "இப்போதுதான் போனில் பேசியே எல்லாம் அனுப்பலாமே, படிப்பு எதற்கு" என்பது. போனில் காதில் விழுவது எதிரில் இருப்பவர் சொல்ல நினைத்தது மட்டும்தான். சொல்லாமல் விட்டது காகிதத்தில்தான் இருக்கும். அப்புறம் அந்தப் போனில்தான் ஓடிபி வருகிறது, அது வங்கியிலிருந்து வந்ததா திருடனிடமிருந்து வந்ததா என்று தெரியாமல் யாரோ கேட்டார் என்று எண்ணைக் காட்டிவிட்டுப் பணத்தை இழந்த அம்மாக்களை எனக்கே மூன்று பேரைத் தெரியும்.

இப்போதும் திட்டம் இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022லிருந்து 2027 வரை, ஐந்து கோடிப் பேருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று இலக்கு. தன்னார்வலர்தான் சொல்லித் தருகிறார், முடிவில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு, படிக்க, எழுத, கணக்குப் போட. தேர்வு எழுதட்டும், நல்லது. ஆனால் அந்த வகுப்பில் பெரியம்மாவின் கடன் அட்டையை வைத்துப் பாடம் நடத்துங்கள் என்பது என் வேண்டுகோள். வங்கிப் பாஸ்புக்கை வைத்து நடத்துங்கள், நூறு நாள் வேலை அட்டையை, மாத்திரைப் பட்டையின் பின்பக்கத்தை வைத்து நடத்துங்கள். பட்டாவில் ஆரம்பித்தவர்கள் முப்பது வருடத்துக்கு முன்பே வழி காட்டியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் வராதவர் வீட்டுக்கு ஆறாம் நாள் ஒருவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அப்படித் தட்டுகிறவருக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் சேவை என்று சொல்லிப் படித்த பெண் பிள்ளைகளின் தலையில் கட்டக் கூடாது. உங்கள் வீட்டில், தெருவில் கையெழுத்து மட்டும் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்தக் கையெழுத்திலேயே ஆரம்பியுங்கள், அதில் நாலைந்து எழுத்து ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் மனு எழுதி முடித்தேன். பெரியம்மா உடனே கையெழுத்துப் போடவில்லை, இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போட்டார். அப்புறம் அட்டையை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெரியம்மா பெரியப்பா பெயரை வாயால் சொன்னதே கிடையாது, அந்தக் காலத்து வழக்கம், இறந்த பிறகும் அப்படித்தான். "அவுக பேரு இதுல எங்க இருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா விரலை வைத்துக் காட்டினார். பெரியம்மா முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு, இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார்.