அருவிக்கு எதுக்குய்யா ஸ்பீக்கர்?

ஒரு தீவுக் காட்டுல மூணு மணி நேரம் சேத்துல வழுக்கி, வேரைப் பிடிச்சு ஏறி, கால்ல ஏறின அட்டையை எடுத்துப் போட்டு, நானும் என்கூட வந்தவளும் அருவிக்குப் போய்ச் சேர்ந்தோம். பாறை மேல ஒரு ஸ்பீக்கர் அலறுது! அந்தக் காட்டோட சத்தத்தைக் கேட்கத்தானே அவ்வளவு தூரம் நடந்தோம்? பக்கத்துல நிக்கிறவ பேசுறதே காதுல விழலை.

எரிச்சலை விடுங்க, பயமாவே இருந்தது. மலை உச்சியில கொட்டுற மழை, கீழே வெயில் அடிக்கிறப்பவே வெள்ளமா இறங்கும். அதுக்கு முன்னாடி தண்ணி கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், இரைச்சல் கூடும். உடனே கரையேறணும். அந்த இரைச்சலைத்தான் ஸ்பீக்கர் வெச்சவங்க அமுக்கிட்டாங்க. குறைக்கச் சொன்னா முறைக்கிறாங்க.

பத்தே நிமிஷத்துல திரும்பிட்டோம். இறங்குற வழியெல்லாம் அவ ஒரு வார்த்தை பேசலை.