ஸ்டோயிக் ஞானி கல் அல்ல

“ஸ்டோயிக் ஞானிக்கு உணர்ச்சியே கிடையாது, செனெகா அப்படியே வாழ்ந்து காட்டினார்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. ஸ்டோயிக் என்பது பழைய கிரேக்க, ரோமத் தத்துவ மரபு; ஞானி என்றால் அது இலட்சியமாக வைத்த முழு அறிவாளி. செனெகா அந்த மரபைச் சேர்ந்த ரோம எழுத்தாளர்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் எழுதிவைத்த சம்பவம் இது. அவர் இத்தாலிக்குப் போன கப்பல் புயலில் சிக்கியது. கூட வந்த ஸ்டோயிக் தத்துவவாதியின் முகமும் வெளுத்துப்போனது. கடல் அடங்கியதும் கெல்லியஸ் காரணம் கேட்டார். தத்துவவாதி தன் பையிலிருந்து, ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸின் நூலை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்தது இதுதான்: திடீர்ச் சத்தம் கேட்டால் ஞானியும் ஒரு கணம் நடுங்குவார். ஆனால் ‘இது கேடு’ என்று அவர் மனம் ஒப்புக்கொள்ளாது. அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தவிர, தெளிவான மகிழ்ச்சி ஞானிக்கு உண்டு என்றே ஸ்டோயிக்குகள் சொன்னார்கள்.

சரி, செனெகா? தான் ஞானி இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியொருவர் ஃபீனிக்ஸ் பறவைபோல 500 ஆண்டுகளுக்கு ஒருமுறை பிறக்கலாம் என்றார்.