பெயர்ப்பலகை மட்டும் இங்கே

லாபம் எந்த நாட்டில் உண்டாகிறதோ அங்கேயே கம்பெனிகள் வரி கட்டவேண்டும் என்று வரி நீதி கேட்கும் அமைப்புகள், குறைந்த வரியைக் காட்டிக் கம்பெனிகளை இழுக்கும் மொரீஷியஸின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நான் இங்கே மொரீஷியஸில், எபென் சைபர்சிட்டி என்ற அலுவலக வளாகத்தில் ஆறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். என் மேசைக்குப் பின்னால் ஒரு அலமாரி. அதில் வரிசையாகக் கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி, எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி. சுரங்கமும் தோட்டமும் ஆப்பிரிக்காவில். கணக்கில் லாபம் மட்டும் இங்கே. அங்கே வரியாகப் போகவேண்டிய பணம்தானே அது? வரி வராத அரசு கடன் வாங்கும். அப்புறம் வட்டி கட்ட மருத்துவமனைச் செலவில் கை வைக்கும்.

செனகலும் ஜாம்பியாவும் 2020இல் நம்மோடு இருந்த வரி ஒப்பந்தத்தை (ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி விழாமல் பார்ப்பது) முறித்தது சும்மா இல்லை. ஜாம்பியா அதே வருடம் வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்கு வட்டி கட்ட முடியாமல் நின்றது. (எல்லாவற்றுக்கும் நாம்தான் காரணம் என்று சொல்லவில்லை.)

வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் உண்டு, வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனாலும் 2023 நவம்பரில் உலக நாடுகளுக்குப் பொதுவான வரி விதிகளை வகுக்கும் ஐ.நா. உடன்படிக்கைக்காக ஆப்பிரிக்க நாடுகள் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 125 நாடுகள் வாக்களித்தபோது மனசு நிறைந்தது. எதிர்த்த 48இல் பெரும்பாலானவை பணக்கார நாடுகள். இதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.